பழைய சைக்கிள் பிறேமை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2022ஆம் ஆண்டு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில், திருகோணமலையில் பரணிலும் கோடிப்புறத்திலும் கிடந்த சைக்கிள்கள் தூசி தட்டப்பட்டு றோட்டுக்கு வந்தன. இப்போது அவை பழைய இரும்பு லொறியில் ஏறுவதைக் காண்கிறோம். லொறியில் கிடப்பதை நெருங்கிப் பார்த்தால் றிம் உக்கியிருக்கும், மட்காட் ஓட்டையாக இருக்கும், சீற் தோல் வெடித்திருக்கும். பிறேம் மட்டும் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். அந்த நல்ல பிறேமையும் சேர்த்துத்தான் கிலோக் கணக்கில் விற்கிறோம். சைக்கிளைத் தாங்களே கட்டி ஓடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட நாங்கள் சிலர் சேர்ந்து இக்கடிதத்தை எழுதுகிறோம். அந்தப் பிறேம்களைக் கொண்டு என்ன செய்யலாம், எங்கே பிழை நேரும் என்பதை இளையவர்கள் தெரிந்துகொண்டால் ஒரு சிலவாவது தப்பும்.

ரலி, ஹம்பர் போன்ற பழைய உருக்குப் பிறேம்களிலும், அதே அச்சில் இந்தியாவில் செய்யப்பட்டு வந்தவற்றிலும், குழாய்கள் மூட்டுச் சட்டைக்குள் செருகப்பட்டுப் பித்தளையால் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு குழாய் போனாலும் சூடாக்கிக் கழற்றி வேறு குழாய் போடலாம். கடையில் புதிதாக நிற்கும் மலிவான ஸ்பிரிங் சைக்கிள்களில் இது முடியாது. அவற்றின் முன் ஸ்பிரிங்குக்குள் உப்புக்காற்று போய் ஓரிரு மாரிக்குள் இறுகிவிட்டால், வெறும் பாரத்தைத்தான் சுமந்து ஓட வேண்டும்.

பிறேம் நல்லதா என்று பார்க்கக் கண்ணும் விரலும் ஒரு நூலும் போதும். ஹாண்டில் குழாயில் இருந்து பின்னோக்கி வரும் மேல் குழாய், கீழ் குழாய் இரண்டின் அடிப்புறத்திலும் முதல் நான்கு அங்குலத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள். எங்காவது முன்னால் மோதிய சைக்கிள் என்றால் பெயின்ற்றுக்குக் கீழே சிறு அலைபோல ஒரு மடிப்பு விரலில் தட்டும். அந்தப் பிறேமை விட்டுவிடுங்கள். பிறகு மூட்டுச் சட்டைகளின் விளிம்பு, பின் சில்லு அச்சு இருக்கும் வெட்டு, பெடல் அச்சு சுழலும் குழாயின் அடி ஆகிய மூன்று இடங்களில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். பெயின்ற் மயிரிழையாகப் பிளந்து அதில் கறள் கோடு கட்டியிருந்தால் உள்ளே உலோகமும் பிளந்திருக்கக்கூடும்.

நூல் சோதனை இதுதான். பின் வெட்டின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, ஹாண்டில் குழாயைச் சுற்றி, மறு பக்க வெட்டுக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுங்கள். நூல் சீற் குழாயின் இரு பக்கமாகவும் போகும். குழாய்க்கும் நூலுக்கும் இடையிலான தூரத்தை இரு பக்கமும் அளக்க வேண்டும். 2 மி.மீ. வரை வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் பின்பகுதி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. உருக்கு என்பதால் நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்திய பின்தான் பெயின்ற் வேலை. பெயின்ற் அடித்து அழகாக்கிவிட்டுப் பிறகு வளைவைக் கண்டுபிடிப்பவர்களே அதிகம்.

வெடித்த இடத்தைத் திருத்தக் கொடுக்கும்போது ஆர்க் வெல்டிங் வேண்டாம் என்று வாய்திறந்து சொல்லுங்கள். வள்ளத்துக்கும் கேற்றுக்கும் வெல்டிங் செய்யும் கை, ஒன்றரை மி.மீ. கூட வராத குழாய்ச் சுவரில் ஆர்க் வைத்தால் சுவர் எரிந்து ஓட்டையாகும், அல்லது ஒட்டிய இடத்துக்கு அருகில் நொறுங்கும் தன்மை வந்து சில மாதத்தில் பக்கத்தில் வெடிக்கும். காஸ் வைத்துப் பித்தளை ஓடவிடும் ஒருவரைத் தேடிப் போவதுதான் சரி.

அடுத்தது அளவு. புதிதாகக் கட்டுபவரின் காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். ரயரில் 28 என்று போட்டிருந்தால் எல்லா 28உம் ஒன்றென்று நினைத்து வாங்குகிறார்கள். பழைய பெரிய சைக்கிளின் 28 x 1½ ரயருக்கு றிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மி.மீ. இப்போதைய ஓட்டச் சைக்கிளில் 700சி என்றும் சில ரயர்களில் 28 என்றும் எழுதியிருப்பதற்கு அது 622 மி.மீ. 13 மி.மீ. வித்தியாசம். ஒன்று மற்றதில் ஒருபோதும் உட்காராது. 26இல் குழப்பம் இன்னும் கூட. லேடிஸ் சைக்கிளின் 26 x 1⅜ என்பது 590, மலைச் சைக்கிளின் தடித்த 26 என்பது 559. ரயரின் பக்கச் சுவரில் 40-635, 37-590 என்பது போல ஒரு சிறு எண் அச்சாகி இருக்கும். கோட்டுக்குப் பிறகு வரும் மூன்று இலக்கத்தை மட்டும் வாசித்து, றிம்முக்கும் ரயருக்கும் அது ஒன்றாக இருந்தால் வாங்குங்கள். முன்னுள்ள இரண்டு இலக்கம் ரயரின் அகலம். அது கொஞ்சம் கூடிக் குறையலாம்.

புரியிலும் இதே கதை. நொட்டிங்ஹாமில் செய்த பழைய ரலியின் பெடல் அச்சுக் குழாயில் அங்குலத்துக்கு 26 புரி. மற்றப் பெரும்பாலான சைக்கிள்களில் 24. இரண்டின் விட்டமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் 24 புரிக் கிண்ணத்தை, அதாவது குண்டுகள் ஓடும் வளையத்தை, ரலிக்குள் வைத்தால் முதல் இரண்டு சுற்று விரலாலேயே போகும். பிறகு இறுகும். அங்கே ஸ்பானரை எடுத்து இழுத்தவுடன் குழாயின் புரி அழிந்துவிடும், பிறேமே போய்விடும். விரலால் நான்கு ஐந்து சுற்றுப் போகாத எதையும் ஸ்பானரால் வற்புறுத்தக்கூடாது. ரலியின் பழைய கிண்ணத்தை எறியாமல் வைத்திருப்பதே நல்லது. தேய்ந்திருந்தால்கூட, குண்டு ஓடும் தடம் ஆழக் குழியாகாதவரை புதிய குண்டு போட்டு ஓடலாம்.

இன்னொன்று, வலது பக்கக் கிண்ணம் இடம்புரி. செயின் பக்கத்தில் நின்று அதைக் கழற்ற வேண்டுமென்றால் மணிக்கூட்டு முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். இடது பெடலும் அப்படியே, அதையும் இடது பக்கத்தில் நின்று மணிக்கூட்டுத் திசையில் சுற்றினால்தான் கழரும். இது தெரியாமல் இரண்டாள் சேர்ந்து இரும்புக் குழாயை ஸ்பானரில் மாட்டி இழுத்து இன்னும் இறுக்கிவிட்டுக் கடைக்குக் கொண்டுபோவது அடிக்கடி நடக்கிறது.

கழற்றும்போது அதிகம் சேதமாவது கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையை, அச்சோடு பிடித்திருக்கும் கொட்டர் பின். நட்டை முழுதாகக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினால் பின்னின் நுனி காளான்போலப் பரந்துபோய் வரவே வராது. நட்டைப் பின்னின் நுனியோடு மட்டமாக நிற்கும்வரை மட்டும் தளர்த்துங்கள். முதல்நாளே மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் கலந்து விட்டு ஊறவையுங்கள். கிராங்குக்கு அடியில், பின் வெளியே வர இடம் விட்டு, ஒரு தடித்த இரும்புக் குழாயை நிலத்தில் இருந்து முட்டுக்கொடுத்து, பாரமான சுத்தியலால் ஒரே அடி. முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடியின் பலம் எல்லாம் உள்ளிருக்கும் குண்டுகளில் இறங்கி, கிண்ணத்தின் தடத்தில் வரிசையாகக் குழி விழும். பிறகு எவ்வளவு கிறீஸ் வைத்தாலும் பெடல் கரகரக்கும்.

திரும்பப் போடும்போது பின்னின் விட்டத்தை அளந்து வாங்குங்கள். இங்குள்ள பழைய சைக்கிள்களில் பெரும்பாலும் 9.5 மி.மீ., சிலவற்றில் 9. அரை மி.மீ. குறைந்த பின்னைப் போட்டால் கிராங் ஆடும், ஆடினால் அச்சின் தட்டை முகம் தின்னப்படும். இரண்டு பின்னும் எதிரெதிராகப் போக வேண்டும். ஒரு கிராங் முன்னோக்கி இருக்கும்போது அதன் நட் மேலே இருந்தால், மற்றக் கிராங்கை முன்னோக்கித் திருப்பும்போதும் நட் மேலேயே இருக்க வேண்டும். மாறிப் போட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் வராது, ஓடும்போது ஒரு கால் நொண்டும். பின்னை அடித்து இறுக்கிய பிறகுதான் நட். நட்டால் பின்னை இழுத்து இறுக்கப் பார்த்தால் புரி அறுந்துவிடும். முதல் 20, 30 கிலோமீற்றர் ஓடியபின் ஒரு தடவை மீண்டும் அடித்து, நட்டையும் இறுக்க வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவறவிடுவதால்தான் நன்றாகக் கட்டிய சைக்கிள்கூட ஒரு மாதத்தில் டக் டக் என்று சத்தம் போடத் தொடங்குகிறது.

குண்டுகளுக்கு: பெடல் அச்சில் பக்கத்துக்கு 11, கால் அங்குலம். பின் ஹப்பில் (சில்லின் நடுக் குடத்தில்) பக்கத்துக்கு 9, அதே கால் அங்குலம். முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, ஒன்றரை நூல் அளவு, அதாவது 3/16 அங்குலம். கணக்குத் தெரியாத ஹப் வந்தால், கிண்ணம் நிறைய வைத்து ஒன்றை எடுத்துவிடுங்கள். பழைய குண்டோடு புதியதைக் கலக்கக்கூடாது. கோனை (அச்சில் திருகிக் குண்டுகளை அணைக்கும் கூம்பு நட்டை) இறுக்கிய பின் சில்லைத் தூக்கிப்பிடித்து விட்டால் வால்வின் பாரத்திலேயே அது கீழே வந்து ஊசலாடி நிற்க வேண்டும். றிம்மைப் பிடித்து ஆட்டினால் ஆட்டமும் இருக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்து வரும்வரை கோனைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சில்லுக் கட்டுவதை யாரும் தொடத் துணிவதில்லை. உண்மையில் பொறுமை இருந்தால் ஒரு பின்னேரத்தில் பழகலாம். பழைய பெரிய சைக்கிளில் முன் சில்லுக்கு 32 கம்பி, பின் சில்லுக்கு 40. பின் சில்லை எடுத்துக்கொள்வோம். ஹப்பின் ஒவ்வொரு பக்கத் தட்டிலும் 20 துளை. செயின் பக்கத் தட்டில் ஒன்றுவிட்டொரு துளையில் 10 கம்பியைப் போட்டு, றிம்மில் வால்வுத் துளைக்குப் பக்கத்தில் தொடங்கி நான்கு துளைக்கு ஒன்றாக நிப்பிளை (கம்பியின் நுனியை றிம்மில் பிடிக்கும் சிறு நட்டை) பிடிக்கவையுங்கள். மறு பக்கத் தட்டிலும் அப்படியே 10, முதல் பத்துக்கும் பக்கத்துத் துளைகளில். இப்போது ஹப்பைப் பிடித்துத் திருகினால் இருபது கம்பியும் ஒரு பக்கமாகச் சாயும். மிச்ச இருபதும் எதிர்ப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொன்றும் தன் பக்கத்து நான்கு கம்பியைக் கடந்து போக வேண்டும். முதல் மூன்றை ஒரு புறமாகவும் நான்காவதை மறு புறமாகவும் கடந்தால் பாய் பின்னியதுபோல ஒன்றையொன்று தாங்கும். முடிந்ததும் வால்வுத் துளையைப் பாருங்கள். அதற்கு நேர் மேலே இரு கம்பி குறுக்கிட்டால் தொடக்கம் ஒரு துளை பிழைத்திருக்கிறது, பம்மின் தலை உள்ளே போகாது. அவிழ்த்துக் கட்டத்தான் வேண்டும்.

கம்பியின் நீளத்தைக் கடையில் ஊகித்து வாங்காதீர்கள். பழைய கம்பி ஒன்றை வெட்டாமல் கழற்றி, தலையின் வளைவின் உட்புறத்தில் இருந்து புரி நுனி வரை அளந்து அதையே கொண்டுபோங்கள். கட்டிய பிறகு கம்பியின் நுனி நிப்பிளின் வெட்டோடு மட்டமாக நிற்பது சரி. மேலே நீட்டிக்கொண்டு நின்றால் ரியூபைக் குத்தும். அரத்தால் தேய்த்து மட்டமாக்கலாம். 2 மி.மீ.க்கு மேல் உள்ளே இறங்கி நின்றால் பாரம் முழுவதும் நிப்பிளின் கழுத்தில் விழுந்து நிப்பிள் தலை அறும், அதற்கு நீளமான கம்பி தேடுவதைத் தவிர வழியில்லை.

கோணல் எடுக்கும்போது எப்போதும் கால் சுற்று. போர்க்கில் (சில்லைப் பிடித்திருக்கும் கவையில்) ஒரு மரத்துண்டைக் கட்டி, அதன் நுனியை றிம்முக்கு அருகே கொண்டுவந்து சில்லைச் சுற்றினால் எங்கே முட்டுகிறது என்று தெரியும். வலப்பக்கம் முட்டினால் அந்த இடத்தில் இடப்பக்கக் கம்பியை இறுக்கி வலப்பக்கத்தைத் தளர்த்துங்கள். கம்பிப் பிறேக், அதாவது வயருக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிறேக், உள்ள சைக்கிளுக்கு ஒரு விசேஷம் உண்டு. பிறேக் கட்டை றிம்மின் பக்கத்தில் பிடிப்பதில்லை, உட்புறத்தில் மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. ஆகையால் பக்கக் கோணலைவிட மேல் கீழ் ஏற்ற இறக்கமே முக்கியம். சில்லு வட்டமாக இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பிறேக் ஒரு தடவை கடித்து ஒரு தடவை விடும். கடைசியில் ஒரு பக்கக் கம்பிகளை விரலால் மீட்டிப் பாருங்கள், எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பிறகு இரண்டிரண்டு கம்பியாகக் கையால் இறுகப் பிசைந்து விடுங்கள். கம்பியின் முறுக்கு அவிழும் சத்தம் கேட்கும். அதன்பின் திரும்பவும் கோணல் பார்க்க வேண்டும். பிசையாமல் விட்ட சில்லு றோட்டில் போகும்போது தானே தளரும்.

இனி உப்பு. கண்டியிலோ வவுனியாவிலோ கட்டும் சைக்கிளுக்கும் நிலாவெளியில் கட்டும் சைக்கிளுக்கும் உள்ள முழு வித்தியாசமும் இதுதான். இங்கே கறள் வெளியே இருந்து தின்பதைவிடக் குழாய்க்குள் இருந்து தின்பது அதிகம். சீற் குழாய் வழியாக இறங்கும் மழைத்தண்ணீரும், இரவில் உப்புக்காற்று குளிர்ந்து விடும் ஈரமும் பெடல் அச்சுக் குழாயில் தேங்கி நிற்கும். அந்தக் குழாயின் அடியில் 4 மி.மீ. துளை ஒன்று போடுங்கள், துளை விளிம்பை அரத்தால் மழுப்பிப் பெயின்ற் தடவுங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெய் அரைக் கோப்பை அளவு ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஊற்றி, பிறேமை எல்லாப் பக்கமும் சரித்து உருட்டி, வடியவிட்டு இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள். காய்ந்து தோல்போலப் படியும். தேங்காய் எண்ணெயோ எஞ்சின் ஒயிலோ அப்படிக் காய்ந்து படியாது.

பெயின்ற் வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மழையில் கறளைச் சுரண்டி முடித்துவிட்டு ஒரு தேத்தண்ணீர் குடித்து வருவதற்குள் வெறும் உருக்கின் மேல் மஞ்சள் படலம் வந்துவிடும். அதன்மேல் அடித்த பெயின்ற் அடுத்த மாரிக்குள் தோலாக உரியும். கம்பித் தூரிகையால் சுரண்டி, பொஸ்பரிக் அமிலம் கலந்த கறள் நீக்கி பூசிக் கழுவித் துடைத்து, உடனேயே பிறைமர் அடிக்க வேண்டும். புரி உள்ள இடங்களுக்குள் பெயின்ற் போகாமல் முன்கூட்டியே துணி அடைத்துவிடுங்கள்.

கம்பி வாங்கும்போது நாகம் பூசியதை விட்டுத் துருப்பிடிக்காத உருக்குக் கம்பியை வாங்குங்கள். நிப்பிள் பித்தளையில்தான் இருக்க வேண்டும். பாரம் குறைவென்று அலுமினிய நிப்பிள் போட்டால் உப்பில் வெள்ளை மாவாக உதிரும். அலுமினியச் சீற் கம்பியை உருக்குப் பிறேமுக்குள் வைத்தால் நிறையக் கிறீஸ் தடவி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்ப வையுங்கள். எடுக்காமல் விட்டால் இரண்டு உலோகமும் உப்பீரத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு வாளால் அறுத்துத்தான் எடுக்க முடியும். கழுவும்போது உவர்க் கிணற்றுத் தண்ணீரைத் தவிருங்கள். உவர் தண்ணீரில் நன்றாகக் கழுவுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல்.

செயினைப் பற்றிச் சுருக்கமாக. ஒற்றைப் பிறீவீலுக்கு (பின் சில்லின் பற்சக்கரத்துக்கு) ½ x ⅛ செயின். கடற்கரை மணலும் ஒயிலும் சேர்ந்தால் அரம் தீட்டும் பசையாகிவிடும், ஆகவே வெளியே கிறீஸ் பூசக்கூடாது. பழைய செயினை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, 20W-50 எஞ்சின் ஒயிலை உருளைக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, பெடலைப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி, வெளிப்புறத்தை முழுவதும் துணியால் துடைத்துவிடுங்கள். அடிமட்டம் வைத்து ஒரு அடி நீளத்தை அளங்கள். புதுச் செயினில் ஒரு ஊசியின் நடுவில் இருந்து 12 அங்குலத்தில் இன்னொரு ஊசியின் நடு நேராக வரும். அரை நூல், அதாவது 1/16 அங்குலம், தள்ளி வந்தால் செயினை மாற்றுங்கள். ஒரு நூல் தள்ளும்வரை ஓடினால் பிறீவீலின் பல்லும் கொக்கியாகத் தேய்ந்துவிடும். பிறகு புதுச் செயின் போட்டாலும் ஏறிக் குதிக்கும், இரண்டையும் வாங்க வேண்டும். பூட்டும் கிளிப் மீன்போல இருக்கும். மேல் செயினில் அந்த மீனின் தலை முன் சில்லைப் பார்க்க வேண்டும், பிளந்த வால் பின்னே. நடுவில் அரை அங்குலம் மேலும் கீழும் ஆடும் அளவுக்குத் தளர்வு விடுங்கள்.

கட்டிய சைக்கிளை ஓட எந்தப் பல்லைத் தெரிவது? கடையில் வழக்கமாகக் கிடைப்பது முன்னே 44, பின்னே 18. 28 அங்குலச் சில்லில் ஒரு மிதிச் சுற்றுக்கு 5.46 மீற்றர் போகும், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். காற்று இல்லாத விடியற்காலை, உப்புவெளி றோட்டில் இது சுகம். ஆனால் ஆனி, ஆடியில் மேற்கில் இருந்து கச்சான் அடிக்கும்போது அதே பல்லோடு கன்னியாப் பக்கம் போனால் முழங்கால்தான் விலை கொடுக்கும். பின்னே 20 பல் போட்டால் சுற்றுக்கு 4.92 மீற்றர், 22 போட்டால் 4.47. எங்கள் அபிப்பிராயத்தில் திருகோணமலைக்கு 20 தான் பொருத்தம். கரியரில் பாரம் ஏற்றுபவர்களுக்கு 22. வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் வருடம் முழுக்க ஓடலாம். பழைய வீடுகளில் எப்போதாவது ஸ்ரேமி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் கிடைத்தால் தங்கம்போல எடுத்து வையுங்கள். 1936இல் வந்த ஏ.டபிள்யூ. வகையில் நடுக் கியருக்கு மேலே மூன்றில் ஒன்று கூடும், கீழே நாலில் ஒன்று குறையும், 18 பல்லோடேயே கச்சானைச் சமாளிக்கலாம். ஹப்பின் ஒயில் மூடியைத் திறந்து மாதத்துக்கு ஒரு தேக்கரண்டி மெல்லிய ஒயில் விட்டால் போதும். வயர் தளர்ந்திருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் பெடல் வெறுமையாகச் சுழலும், எழுந்து நின்று மிதிக்கும்போது அது நடந்தால் விழுவீர்கள். அதனால் ஏறுமுன் வயரைப் பாருங்கள்.

சீற் உயரம்: குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். விரலடியில் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடிந்து சரியாக வரும். சீற்றைத் தாழ்த்திவைத்து ஓடுவது இங்கே பலருக்குப் பழக்கம், முழங்கால் நோவுக்கு அதுவும் ஒரு காரணம். ரயர் காற்று 28 x 1½க்கு 45 முதல் 50 இறாத்தல் வரை. நிலாவெளிப் பக்கம் றோட்டோரத்தில் மணல் ஏறிக் கிடக்கும், அதில் ஹாண்டிலைத் திருப்பாமல் நேராகவே விட்டு மிதியுங்கள். ஒதுங்கி நிறுத்தினால் ஏறுமுன் ரயரைக் கையால் தடவி நெருஞ்சி முள்ளை எடுங்கள். முள் குத்தியவுடன் காற்றுப் போகாது, இன்னும் ஒரு கிலோமீற்றர் உருண்ட பிறகுதான் உள்ளே இறங்கும்.

கச்சான் காலத்தில் புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போய்க் காற்றோடு திரும்புங்கள். கிண்ணியாவுக்குப் போனால் பாலத்தில் கவனம் வேண்டும். 2009இல் திறந்த, 400 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த அந்தப் பாலத்தில் பக்கக் காற்றுத் தடையில்லாமல் அடிக்கும். பஸ் ஒன்று கடக்கும் நொடியில் காற்று மறைந்து உடனே திரும்ப அடிப்பதால் சைக்கிள் நடு றோட்டுக்கு இழுபடும். கோணேசர் கோயிலுக்கு ஏறியவர்கள் இறங்கும்போது, மழை பெய்திருந்தால் உருட்டிக்கொண்டு வாருங்கள். நனைந்த குரோம் றிம்மில் இறப்பர் கட்டை வழுக்கும், பிடிக்க நெடுந்தூரம் எடுக்கும். தோல் பதித்த கட்டை கிடைத்தால் ஈரத்தில் அது மேல். இரவில் நகரத்துக்குள்ளேயே மான்கள் குறுக்கே வரும். பின்னே சிவப்புப் பிரதிபலிப்பான் மட்டும் போதாது, முன்னே நிலத்தைக் காட்டும் லைற் வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சைக்கிள் கடைக்காரரிடமும் ஒன்று கேட்கிறோம். 635 ரயரும், 40 துளை றிம்மும், 9.5 கொட்டர் பின்னும் இப்போது கேட்டால்தான் வரவழைக்கிறார்கள். கொஞ்சமாவது எப்போதும் கடையில் இருந்தால் பல சைக்கிள்கள் பாதியில் கைவிடப்படாது. தொழிற்பயிற்சி நடத்துபவர்கள் மோட்டார் சைக்கிள் பாடத்தோடு சில்லுக் கட்டுவதையும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு பழைய சில்லும் நிப்பிள் சாவியும் இருந்தால் பாடம் நடத்திவிடலாம்.

பழைய இரும்பு வாங்கும் வியாபாரிகளுக்கும் இதையே சொல்கிறோம். பிறேமைச் சுத்தியலால் மடித்து லொறியில் அடுக்குமுன் நூல் சோதனைக்கு நிற்கும் பிறேம்களையும் அதற்குரிய போர்க்கையும் பெடல் அச்சுக் கிண்ணங்களையும் சேர்த்து ஒரு பக்கமாக வையுங்கள். எடை விலைக்கு மேல் கொடுத்து எடுக்க இவ்வூரில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் கட்டி ஓடும் நண்பர்கள் சிலர்,
உப்புவெளி, திருகோணமலை.